ஆழம் அறிந்த ஹால்டேன்

பி.எஸ்ஸி. (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் சொல். சொல் எளிது. ஆனால் ஆழத்தை அளந்து சொல்வது யார்? நீரின் ஆழத்தை ஒரு கயிறும் ஒரு கல்லும் அளந்துவிடும். அந்த ஆழத்தில் மனித உடம்புக்கு என்ன நேரும் என்பதை எந்தக் கயிற்றால் அளப்பது? தம் உடம்பையே கயிறாகவும் கல்லாகவும் ஆக்கி அதை அளந்து சொன்னவர் ஒருவர். பிரிட்டனில் பிறந்து, இந்தியக் குடிமகனாய் மறைந்த பேராசிரியர் ஜே. பி. எஸ். ஹால்டேன் அவர்களே அந்தப் பெரியார்.

விலங்கியல் மாணவர்க்கு ஹால்டேன் என்ற பெயர் புதிதன்று. உயிரின் தோற்றம் பற்றிய பாடத்தில் ஒப்பாரின்–ஹால்டேன் கொள்கை வருகிறது. இரத்தம் கரியமில வாயுவைச் சுமக்கும் பாடத்தில் ஹால்டேன் விளைவு வருகிறது. இரண்டும் ஒருவருடையவை என்று எண்ணுவோர் உண்டு. முன்னது மகனுடையது; பின்னது தந்தையுடையது. மகனின் வரலாற்றைத் தந்தையிடமிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

தந்தையே பள்ளி

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் அறிஞர். ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்து ஆராய்ந்தவர் அல்லர் அவர். எங்கே மனிதர் மூச்சு முட்டி மடிந்தார்களோ அங்கே நேரில் செல்வார். நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குவார். கழிவுநீர்க் கால்வாயில் நுழைவார். அங்குள்ள காற்றைக் குப்பியில் பிடித்து வருவார். எது கொன்றது என்று கண்டறிய, அந்த வாயுவைச் சிறிது சிறிதாகத் தாமே சுவாசித்தும் பார்ப்பார்.

1895இல் லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாம் என்னும் இடத்தில், கழிவுநீர்க் குழிக்குள் ஐந்து தொழிலாளர் மடிந்தனர். முதலில் விழுந்தவரைக் காக்க அடுத்தடுத்து இறங்கியவர்களும் பிணமாயினர். அவர்களைக் கொன்றது ஹைட்ரஜன் சல்பைடு வாயு என்று தந்தை ஹால்டேன் ஆராய்ந்து சொன்னார். இந்த வாயு சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுதியாக இருந்தாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று மனிதன் நினைக்கும் இடத்தில்தான் மரணம் காத்திருக்கும். அதன் பிறகு சில மூச்சுகளே போதும்.

இதை நூலகத்தில் படித்தபோது என்னால் மேலே படிக்க இயலவில்லை. நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டில், எண்ணூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரே வீட்டில் இரண்டு சாவு விழுந்தது. பந்தல் ஒன்றுதான், பாடை இரண்டு. அண்ணனை ஒரு குத்தகைக்காரர் நிலத்தடித் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்ய இறக்கினார். இறங்கியவர் குரல் கொடுக்கவில்லை. தம்பி பதறிக் குதித்தார். இடுப்பில் கயிறு இல்லை, முகத்தில் மூடி இல்லை, காற்றைச் சோதிக்கும் கருவியும் இல்லை. விஷவாயு தாக்கி இருவர் பலி என்று மறுநாள் செய்தி வந்தது. வாயு யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. அதைச் சோதித்துப் பாராமல் மனிதனை இறக்கியதுதான் தாக்கியது.

ஈஸ்ட் ஹாமில் நடந்ததற்கும் எங்கள் ஊரில் நடந்ததற்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. விடை அன்றே தெரிந்துவிட்டது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதையே 30 இலட்சமாக உயர்த்தியது. ஆனால் தொகை உயர்ந்தாலும் போன உயிர் ஏறி வருவதில்லை.

சுரங்கத்தில் ஒரு பாடம்

தந்தை தம் மகனையும் சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்றார். ஒரு முறை மீத்தேன் வாயு தேங்கிய சுரங்கப் பகுதியில், சிறுவனை நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் வரும் ஆண்டனியின் பேருரையை ஒப்பிக்கச் சொன்னார். சில வரிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு இரைத்தது, கால்கள் துவண்டன, தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் மூச்சு சீராயிற்று. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே மிதக்கும். தரையை ஒட்டி நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தை எந்தப் புத்தகம் அத்தனை அழுத்தமாகக் கற்பித்திருக்கும்?

தந்தை கண்ட மற்றோர் உண்மை நம் கடற்கரைக்கு மிகவும் தேவையானது. நம்மை மூச்சு விடத் தூண்டுவது பிராணவாயுவின் குறைவு அன்று, இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவே என்று அவரும் பிரீஸ்ட்லி என்பவரும் 1905இல் நிறுவினர். இதன் பொருள் என்ன? பிராணவாயு குறைந்துகொண்டே போனாலும் உடம்பு பெரிதாக எச்சரிக்காது. திடீரென்று விளக்கு அணைவதுபோல் நினைவு அணைந்துவிடும்.

என் தாய்மாமன் கடல் தொழிலாளி. விசைப்படகின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்து அறுத்துவிடுவார். எங்கள் ஊரில் இதைத் தம் பிடித்தல் என்பர். குதிப்பதற்கு முன் பத்துப் பதினைந்து முறை வேகமாக மூச்சை இழுத்து விடுவது அவர் வழக்கம். அப்படிச் செய்தால் அதிக நேரம் தாங்கலாம் என்பது அவருடைய அனுபவம். தாங்குவது உண்மை. ஆனால் காரணம் வேறு. வேகமாக மூச்சு விடும்போது உடம்பில் சேரும் பிராணவாயு மிகக் கொஞ்சம். வெளியேறும் கரியமில வாயுவோ அதிகம். எச்சரிக்கை மணி அடிக்கவேண்டியவனை நாமே வெளியே அனுப்பிவிடுகிறோம். மணி அடிக்கும் முன்பே பிராணவாயு தீர்ந்துபோகிறது. மேலே ஏறி வரும்போது நீரின் அழுத்தம் குறையக் குறைய, நுரையீரலில் மிஞ்சியிருக்கும் பிராணவாயுவின் அழுத்தமும் சரிந்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் அமைதியாக மூழ்கிப்போவதன் இரகசியம் இதுதான்.

கோலி சோடாவும் கடலடி மனிதனும்

1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைக்காகத் தந்தை ஹால்டேன் ஓர் ஆய்வை மேற்கொண்டார். ஆழத்தில் வேலை செய்துவிட்டு மேலே வரும் மூழ்காளர்கள் மூட்டு வலியால் துடிப்பதும், கை கால் விழுந்துபோவதும், சிலர் இறப்பதும் ஏன் என்பதே கேள்வி.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. திடீரென்று மேலே வந்தால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குவதுபோல், கரைந்த வாயு உடம்புக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும். அந்தக் குமிழி முதுகுத் தண்டில் தங்கினால் வாதம். இதயத்திலும் நுரையீரலிலும் நிறைந்தால் மரணம். ஆங்கிலத்தில் இதைப் பெண்ட்ஸ் என்பர்.

தந்தை ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் வரை தீங்கு நேர்வது அரிது என்று கண்டார். ஆகவே ஆழத்திலிருந்து படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் இத்தனை நிமிடம் நின்று நின்று ஏறவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். அது 1908இல் வெளியாயிற்று. இன்று உலகில் எங்கே ஒருவர் முறையாகக் கடலடியில் இறங்கினாலும், அவர் கையிலுள்ள கணக்கு அந்த அட்டவணையின் வழிவந்ததே.

ஸ்காட்லாந்துக் கடலில் நடந்த அந்த ஆய்வின்போது 13 வயது மகனுக்கும் மூழ்காளர் உடை அணிவித்துக் கடலில் இறக்கினார் தந்தை. பெரியவர்களுக்குத் தைத்த உடை. சிறுவனின் மணிக்கட்டில் இறுகப் பொருந்தவில்லை. உள்ளே நீர் புகுந்தது. சிறுவன் குளிரில் நடுங்கியபடி குறித்த நேரம் வரை கீழே இருந்துவிட்டே வந்தான். தனக்குப் பொருந்தாத கருவி கருவியே அன்று என்பதை ஹால்டேன் தம் 13ஆம் வயதில் தோலால் உணர்ந்தார்.

இரும்பு அறைக்குள்

ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் பயின்ற ஹால்டேன், முதல் உலகப் போரில் படைவீரராகப் போரிட்டார், காயமுற்றார், 1915இல் தந்தையுடன் சேர்ந்து நச்சுவாயு முகமூடி ஆய்விலும் ஈடுபட்டார். பின்னர் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணியாற்றினார். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கும் மெண்டலின் மரபியலுக்கும் கணிதத்தால் பாலம் அமைத்த மூவருள் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அறிவியலில் எவ்வகைப் பட்டமும் பெறாமலே அறிவியல் பேராசிரியரானவர் அவர் என்பது நமக்கு வியப்பூட்டும் செய்தி.

1939 ஜூன் 1ஆம் நாள் தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் இங்கிலாந்தின் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. உள்ளே 103 பேர். அவர்களில் பலர் கப்பல் கட்டிய தொழிலாளர்கள். தப்பியவர் 4 பேர். மாண்டவர் 99 பேர். மாண்ட தொழிலாளர்களின் சங்கங்கள் ஹால்டேனின் உதவியை நாடின. அவர் ஸ்பெயின் போரில் பங்கேற்றுத் திரும்பிய நான்கு தொண்டர்களுடன் மூடிய இரும்பு அறைக்குள் புகுந்து 14 மணி நேரத்துக்கும் மேல் அமர்ந்தார். அறையின் காற்றில் கரியமில வாயு ஏற ஏறத் தலைவலி, மூச்சிரைப்பு, வாந்தி ஆகியவற்றைப் பொறுத்துக் குறிப்பெடுத்தார். நிறைய பேர் அடைபட்ட கப்பலில், தப்பும் கருவியைச் சரியாகக் கையாளும் தெளிவைக்கூடக் கரியமில வாயு பறித்துவிடும் என்று அவர் காட்டினார்.

பிறகு போர் மூண்டது. கடற்படைக்காக அவரும் மார்ட்டின் கேஸ் என்பவரும் சீபே கோர்மன் என்ற மூழ்காளர் கருவிக் கம்பெனியின் அழுத்த அறையில் ஆய்வைத் தொடர்ந்தனர். பின்னாளில் அவர் மணந்த ஹெலன் ஸ்பர்வேயும், ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் நெக்ரினும் அந்த அறைக்குள் சென்றவர்களுள் அடங்குவர். 10 வளிமண்டல அழுத்தத்தில் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தனர். கெட்டிக்காரர்கள் எளிய பெருக்கலில் தடுமாறினர். சிலர் காரணமின்றிச் சிரித்தனர். நைட்ரஜன் ஆழத்தில் மதுவைப்போல் மயக்குகிறது என்பது உறுதியாயிற்று. பனிக்கட்டி மிதக்கும் நீரில் உடம்பை அமிழ்த்தியும் பார்த்தனர். தூய பிராணவாயுவே பெரும் அழுத்தத்தில் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்பதை ஹால்டேன் தம் உடம்பிலேயே கண்டார். அப்படி வந்த ஒரு வலிப்பில் அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. அந்த வலி வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை.

அவரிடம் குறைகளும் இருந்தன. முன்கோபி, சினத்தால் நண்பர்களை இழந்தவர். பொதுவுடைமைக் கட்சியின்மேல் கொண்ட பற்றால் லைசென்கோவின் தவறான மரபியலைச் சில காலம் கண்டிக்கத் தயங்கினார். ஆனால் பிறர் உடம்பைப் பணயம் வைத்துத் தாம் பெயர் பெற்றார் என்று அவர்மேல் யாரும் சொல்ல முடியாது.

குகையில் இறங்குவோர்

கடலில் ஆபத்து வந்தால், முறைப்படி நின்றேனும் மேலே வரலாம். தலைக்கு மேல் பாறை இருந்தால்? நீர் நிறைந்த குகைக்குள் மூழ்கிச் செல்வோரின் நிலை அதுதான். 1935இல் இங்கிலாந்தின் வூக்கி ஹோல் குகையில் பால்கம் என்பவரும் அவருடைய தோழர்களும், அதே சீபே கோர்மன் கம்பெனி தந்த உடையுடன் இறங்கினர். 1946இல் பால்கம் குகை மூழ்காளர் குழுவை அமைத்தார். போர்க்காலத்துப் பிராணவாயுக் கருவிகளே அவர்களுடைய முதல் கருவிகள். எந்த ஆழத்துக்குக் கீழே அந்தக் கருவி எமனாகும் என்பதை முன்பே சொல்லிவைத்தவை ஹால்டேன் போன்றோர் பட்ட வலிகள்.

குகையில் தரையிலுள்ள வண்டல் ஒரு காலசைவில் கலங்கினால் விளக்கொளியும் பயன்படாது. வந்த வழி மறையும். 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப்போல் 4 மடங்கு காற்று செலவாகும். பதற்றம் வந்தால் இன்னும் மிகுதி. நைட்ரஜன் மயக்கம் வேறு. இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது, திறந்த கடலில் தேர்ந்தவர்களும் குகையில் மாண்டிருக்கிறார்கள். அந்த மரணங்களை ஆராய்ந்து சில விதிகள் வகுக்கப்பட்டன. குகைக்கென்றே தனிப் பயிற்சி பெறவேண்டும். வாயில் முதல் அறுபடாத வழிக்கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. ஆளுக்கு மூன்று விளக்குகள் வேண்டும்.

2018 ஜூன் 23ஆம் நாள் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவரும் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கியதை நாம் அறிவோம். அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் அந்தக் குகை மூழ்காளர் குழுவின் வழிவந்த இரு ஆங்கிலேயர். ஜூலை 10ஆம் நாளுக்குள் அனைவரும் மீட்கப்பட்டனர். ஆயினும், காற்றுக் கலங்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் ஜூலை 6ஆம் நாள் உயிர் நீத்தார். பயிற்சி பெற்ற வீரருக்கே அந்தக் குகை அப்படி என்றால், பயிற்சியே இல்லாதவர் நிலை என்ன?

முத்துக் குளித்த நம் தென்கடற்கரையில், மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் மைத்துனனாக இருக்கவேண்டும் என்று சொல்வார்கள். தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கை அயராதாம். வழிக்கயிற்றின் அருமையை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். அந்தக் கயிற்றை விட்டுவிட்டு, படகில் கம்ப்ரசரை வைத்து ரப்பர்க் குழாயில் காற்று வாங்கிச் சங்கெடுக்க இறங்குவோர் இன்று இருக்கிறார்கள். படிப்படியாக ஏறும் கணக்கை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்?

இந்தியராக

1956இல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பிரிட்டன் படையெடுத்ததைக் கண்டித்த ஹால்டேன், 1957இல் தாய்நாட்டை விட்டு இந்தியா வந்தார். மகலனோபிஸ் அவர்களின் அழைப்பில் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்திய உடை உடுத்தினார்; சைவ உணவு உண்டார்; இந்தியக் குடியுரிமை பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களிடம், கண்ணும் பொறுமையும் கணக்கும் இருந்தால் செடியையும் மீனையும் பூச்சியையும் கொண்டே உயர்ந்த ஆய்வு செய்யலாம் என்று கற்பித்தார். 1962இல் புவனேசுவரத்தில் ஒரிசா அரசின் ஆதரவில் மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

புற்றுநோய் அவரைப் பற்றியது. 1964 டிசம்பர் 1ஆம் நாள், 72ஆம் வயதில், புவனேசுவரத்தில் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படி அவருடைய உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அளிக்கப்பட்டது. நம் எண்ணூர்க் கரையைத் தொடும் அதே வங்கக் கடலின் மற்றொரு கரை காக்கிநாடா. உயிருள்ளபோது ஆய்வுப் பொருளாயிருந்த உடல், உயிர் நீங்கிய பின்னும் பாடமாயிற்று.

முடிவுரை

நண்பர்களே! ஹால்டேன் துணிச்சல்காரர். ஆனால் அவர் துணிச்சலுக்கும், கருவியின்றிக் குழிக்குள் குதிக்கும் துணிச்சலுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. அவர் அறைக்குள் புகுந்தபோது வெளியே ஒருவர் நேரத்தைக் குறித்தார். ஒருவர் அழுத்தத்தைப் பார்த்தார். என்ன நேரக்கூடும் என்று முன்கூட்டிக் கணித்திருந்தார்கள். தாம் பட்ட துன்பத்தை இன்னொருவர் படக்கூடாது என்பதற்காகவே அவர் துன்பப்பட்டார். அவர் விலை கொடுத்து வாங்கிய அறிவை வாங்காமல் இறங்குகிறவன், அந்த விலையைத் தன் உயிரால் மறுபடியும் கொடுக்கிறான். அவன் இறங்கும்படி கூலி கொடுத்து நிற்பவனோ எதையும் கொடுப்பதில்லை.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். நம் வகுப்பில் என்னைப் போன்றோர் பலர். நாம் படிப்பதைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்தால் அது மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். குழியில் இறங்குமுன் காற்றைச் சோதிக்கவேண்டும்; மயங்கி விழுந்தவனைக் காக்கக் கருவியின்றிக் குதிக்கலாகாது; தம் பிடிக்குமுன் வேகமாக மூச்சு வாங்கலாகாது; கடலில் தனியே மூழ்கலாகாது. இந்த நான்கையும் நாம் நம் தெருவில் சொல்லலாம். என் மாமனிடம் நான் சொன்னேன். முதலில் சிரித்தார். இப்போது இரண்டே மூச்சு வாங்கிக் குதிக்கிறார். இடுப்பில் கயிறும் கட்டிக்கொள்கிறார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பது அவருடைய மைத்துனரான என் தந்தை.